தமிழ்ச் சங்கத்தில் அவசரநிலை

ஃப்ரீமான்ட் ஊரில் மாரிசாமியைப் போல ஆபிரகாம் லிங்கன் மேல் பைத்தியமாக இருந்த ஆள் இன்னொருவர் கிடையாது. அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் நூறு கேள்வியையும் பதிலையும் உருப்போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மாரிசாமியோ நூலகத்துக்குப் போய் லிங்கனைப் பற்றித் தலையணை கனத்துக்குப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாடு இரண்டாகப் பிளந்தபோது ஒற்றை ஆளாக நின்று ஒட்டவைத்தவர் என்று படித்ததும் அவருக்குப் புல்லரித்துவிட்டது. அவர் கையிலும் அப்போது ஒரு பிரிவினை இருந்தது.

1998 தீபாவளிக்குப் பிறகு, கிழக்கு வளைகுடாத் தமிழ்ச் சங்கத்திலிருந்து சற்றுத் தள்ளியுள்ள சான் ரமோன் ஊர்க் குடும்பங்கள் பிரிந்து தனிச் சங்கம் வைக்கப் போவதாகச் செய்தி கசிந்தது. சங்கத்தின் தலைவர் மாரிசாமி. தொடர்ந்து மூன்றாவது தடவையாகத் தலைவர். எதிர்த்து யாரும் நிற்காததால் கிடைத்த பதவி அது. அவர் மட்டும் மக்கள் தன்னை விடமாட்டேன் என்கிறார்கள் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சான் ரமோன்காரர்களின் குறை ஒன்றுதான். எல்லா விழாவும் ஃப்ரீமான்ட்டிலேயே நடக்கிறது. வாரம் முழுக்க ஃப்ரீவேயில் ஊர்ந்துவிட்டு, சனிக்கிழமையும் பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளைகளைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு அதே ஃப்ரீவேயில் ஊரவேண்டுமா? ஒரு வருடம் அங்கே, ஒரு வருடம் இங்கே என்று வைத்தால் என்ன? நியாயமான குறைதான். அதனால்தான் மாரிசாமிக்கு எரிச்சலாக இருந்தது. தீபாவளி விழாவில் தாஜ் நிஷா மேடையேறி இதைச் சொல்லத் தொடங்கியபோது, அவர் முன்வரிசையில் உட்கார்ந்தபடியே சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ளும் மதனுக்கு அவர் சொல்லிவைத்திருந்த அடையாளம் அது. மைக் செத்தது. தாஜ் நிஷா சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டு நின்றதை மொத்தக் கூட்டமும் பார்த்தது.

தாஜ் நிஷாவின் கணவர் இனாயத்துல்லா சங்கத்தின் துணைத்தலைவர். மேலப்பாளையத்துக்காரர். மாரிசாமிக்குக் கோவில்பட்டி. 1990இல் இருவரும் ஒரே கம்பெனிக்கு ஒரே விமானத்தில் வந்து இறங்கியவர்கள். ஊரிலிருந்து குடும்பங்கள் வந்து சேரும்வரை மவ்ரி அவென்யூ பக்கம் ஒரு சின்ன அபார்ட்மென்டில் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டார்கள். சமைத்தது இனாயத்துல்லா, சாப்பிட்டது மாரிசாமி. சங்கம் பிறந்ததே அந்த அடுப்படியில்தான். இப்போது அதே ஆள் சான் ரமோனில் வீடு வாங்கிப் போய், அந்த ஊர்க்காரர்களுக்குத் தலைவராகி நிற்கிறார். சங்கம் உடைகிறது என்று மாரிசாமி ஊரெல்லாம் புலம்பினார். உண்மையில் சங்கம் உடைந்தால் அவர் ஒரு வாரத்தில் தேறிவிடுவார். இனாயத்து போய்விட்டால் தேறமாட்டார். அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் லிங்கனைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

சங்கத்துக்கு இருந்த ஒரே சொத்து ஓர் அண்டா. திருநெல்வேலியில் வாங்கி, இனாயத்துல்லா வீட்டுச் சாமான்களோடு கப்பலேறி வந்த பெரிய பித்தளை அண்டா. வருடா வருடம் பொங்கல் விழாவுக்கு இனாயத்துல்லா அதில் சர்க்கரைப் பொங்கல் கிண்டி எடுத்து வருவார். அதை ஏற்றக்கூடிய வேன் அவரிடம் மட்டும் இருந்ததால், அண்டா அவர் கராஜிலேயே கிடந்தது. பிரிந்துபோன தெற்கத்தி மண்ணில் மாட்டிக்கொண்ட அரசாங்கக் கோட்டை ஒன்றுக்காகத்தான் உள்நாட்டுப் போரின் முதல் குண்டு வெடித்தது என்று புத்தகத்தில் வந்தது. மாரிசாமி அந்தப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் 'அண்டா' என்று எழுதினார். அது நூலகத்துப் புத்தகம்.

அதற்குப் பிறகு ஆணைகள் பறக்க ஆரம்பித்தன. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து எல்லாருக்கும் மின்னஞ்சல் போட்டார். முதல் ஆணை: சங்கம் அவசரநிலையில் இருப்பதால் விதிமுறைகள் நிறுத்திவைக்கப்படுகின்றன, பொதுக்குழு கூடாது, எந்தப் பொறுப்பிலும் மாற்றம் கிடையாது. இரண்டாவது: சங்கத்து மின்னஞ்சல் குழுவில் யார் எதை எழுதினாலும் தலைவர் படித்துப் பார்த்த பிறகே வெளிவரும். மூன்றாவது: சான் ரமோன் உறுப்பினர்கள் ஒரே வீட்டில் இரண்டு குடும்பங்களுக்கு மேல் கூடக்கூடாது.

மூன்றாவதைப் படித்துவிட்டு அவர் மனைவி தனபாக்கியம் சமையலறையிலிருந்து வெளியே வந்தாள்.

"ஏங்க, சான் ரமோன் கலாவதிக்கு அடுத்த வாரம் அங்க வளைகாப்பு. ரெண்டு குடும்பத்துக்கு மேல வந்தா என்ன பண்ணுவீங்க, போலீஸ் அனுப்புவீங்களா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. நான் ஸ்கூல் படிக்கிறப்ப எமர்ஜென்சி. கோவில்பட்டில ட்ரெயின் கரெக்ட் டைமுக்கு வந்துச்சு, தெரியுமா?"

"உங்க சித்தப்பாவத் தூக்கிட்டுப் போயி உள்ள வச்சாங்களே. அவரும் கரெக்ட் டைமுக்கு வீட்டுக்கு வந்தாரா?"

மாரிசாமி பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அந்த வாரமே இன்னொரு இடி. மகள் ஓவியா ஐந்து வயதில் விமானமேறி வந்தவள். தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். எட்டாம் வகுப்பில் அவளுக்கு ஒரு பட்டிமன்றம் வைத்திருந்தார்கள். போர் நேரத்தில் விசாரணை இல்லாமல் ஆட்களைப் பிடித்து அடைக்க லிங்கன் உத்தரவு போட்டது சரியா, தவறா? சீட்டுக் குலுக்கியதில் ஓவியாவுக்குத் தவறு என்ற கட்சி விழுந்தது.

"லிங்கனுக்கு எதிராவா? என் வீட்லயிருந்தா?" என்றார் மாரிசாமி.

"இட் வாஸ் ரேண்டம், டாட்."

"ஊர்ல ஆட்கொணர்வு மனும்பாங்க. ஒருத்தனப் புடிச்சு வச்சா, கோர்ட்டுக்குக் கொண்டுவந்து காரணம் சொல்லணும். நல்ல சட்டந்தான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா நாடே உடையிறப்ப ஒவ்வொருத்தனுக்கும் காரணம் சொல்லிட்டு இருக்க முடியுமாம்மா? வீடு தீப்பிடிச்சா மொதல்ல தண்ணி ஊத்தணும்."

"பட் ஹூ டிசைட்ஸ் த ஹவுஸ் இஸ் ஆன் ஃபயர்?"

"பிரசிடென்ட்."

"அண்ட் இஃப் ஹி இஸ் ராங்?"

"பிரசிடென்ட் எப்படிம்மா ராங் ஆவாரு?"

ஓவியா அதைத் தன் பட்டிமன்றப் பேச்சில் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டாள். மாரிசாமி பெருமையாகத் தலையாட்டினார்.

பொங்கல் விழா ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட அரங்கில். அதற்கென்றே நாலாவது ஆணை ஒன்று போட்டிருந்தார்: எல்லாரும் பெயர் அச்சடித்த மஞ்சள் அட்டை குத்திக்கொள்ள வேண்டும், அட்டை இல்லாதவர்களையும் சங்க ஒற்றுமைக்குக் குந்தகம் செய்கிறவர்களையும் தலைவரின் எழுத்துமூலமான உத்தரவு வரும்வரை மியூசிக் ரூமில் உட்காரவைக்க வேண்டும். காவலுக்குத் தீபக் என்ற பையன். ஒய்-டூ-கே கம்ப்யூட்டர் வேலைக்காகச் சென்னையிலிருந்து வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஊரில் யாரையும் தெரியாது, ஆகவே பாரபட்சம் பார்க்கமாட்டான் என்று மாரிசாமி போனிலேயே அவனை நியமித்தார்.

குத்துவிளக்கு ஏற்றி முடிந்ததும் மதன் ஓடிவந்தான்.

"அங்கிள், இனாயத் பாய் வந்துட்டாரு. பொங்கல் வேன்ல இருக்காம். சாப்பாட்டுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் மைக் வேணுமாம்."

அந்த ஐந்து நிமிடம் எதற்கு என்று மாரிசாமிக்குத் தெரியும். எல்லாருக்கும் முன்னால் போய்வருகிறேன் என்று சொல்லப் போகிறான். சொல்லவிடாமல் இன்றைக்குத் தள்ளிவிட்டால், அடுத்த வருடத்துக்குள் மனசு மாறிவிடுவான்.

"மியூசிக் ரூமுக்குக் கூட்டிட்டுப் போ. ஃபங்ஷன் முடியட்டும்."

மதன் போய்விட்டுத் திரும்பினான்.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல, அங்கிள். ஹீட்டர் இருக்கான்னு கேட்டாரு. நேரா போயி உட்கார்ந்துட்டாரு."

பிள்ளைகளின் கோலாட்டம் பாதி நடக்கும்போதுதான் மாரிசாமிக்கு ஒரு விஷயம் உறைத்தது. பொங்கல் வேனுக்குள். வேன் சாவி இனாயத்துல்லா பாக்கெட்டில். கூட்டத்துக்கு இப்போதே பசி கண்ணைக் கட்ட ஆரம்பித்திருந்தது. பின்வரிசையில் பெரியவர்கள் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். சாவி இல்லாமல் திறக்க வழியுண்டா என்று பார்க்க, அவர் பக்கவாட்டுக் கதவு வழியாகப் பார்க்கிங் பக்கம் நழுவினார். வேனின் ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்த்தார். கண்ணாடியில் மூக்கை ஒட்டி உள்ளே எட்டிப் பார்த்தார். அண்டா மட்டும் போர்வை போர்த்திக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தது.

"அங்கிள், உங்க பேட்ஜ் எங்க?"

ஆறடி உயரத்தில் தீபக் பின்னால் நின்றான். மாரிசாமி நெஞ்சைத் தடவிப் பார்த்தார். எல்லாருக்கும் அட்டை அடித்தவர், தலைவருக்கு எதற்கு அட்டை என்று தனக்கு அடிக்கவில்லை.

"தம்பி, நான்தான் பிரசிடென்ட்."

"காலைலேர்ந்து நீங்க மூணாவது பிரசிடென்ட், அங்கிள். வாங்க."

"யாருகிட்ட பேசுறேன்னு தெரியுதா? ஆர்டர் போட்டதே நான்!"

"உங்களப் பார்த்தா நல்லவராத்தான் தெரியுது. ஆனா கண்டவங்க வேன் கதவ இழுத்துட்டு இருந்தீங்க. பிரசிடென்ட் எழுதிக் குடுத்தா உடனே விட்டுடறேன். அதுவரைக்கும் உள்ள உட்காருங்க, ப்ளீஸ்."

கத்தினால் அரங்கமே எழுந்து வெளியே வரும். தலைவர் வேனைத் திறக்கப் பார்த்துப் பிடிபட்டார் என்று மவ்ரி அவென்யூ மளிகைக் கடை வரைக்கும் கதை போகும். மாரிசாமி வாயை மூடிக்கொண்டு நடந்தார்.

மியூசிக் ரூமில் இனாயத்துல்லா டிரம் அடிப்பவரின் முக்காலியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

"வாங்க தலைவரே. உங்கள எந்த ஆர்டர்ல புடிச்சாங்க?"

"நக்கல் பண்ணாத. சாவியக் குடு."

"விசாரணைக் கைதிகிட்ட சோதனை போடணும்னா அதுக்கும் ஒரு ஆர்டர் எழுது." முறுக்குப் பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினார். மாரிசாமி முறைத்துக்கொண்டே ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"ஏன்டா போற?" என்றார் மாரிசாமி அதை மென்றுகொண்டே. "ஒரு வருஷம் அங்க வைக்கணும், அவ்வளவுதான? எங்கிட்ட தனியா சொல்லியிருந்தா வச்சிருப்பேன்ல?"

"நாங்க மொதல்ல போறதாவே இல்லடா. நவம்பர்ல எங்க வீட்ல கூடுனோம். பிரியலாமான்னு கேட்டதுக்குப் பாதிப் பேரு கை தூக்கல. நானும் தூக்கல. தனிச் சங்கம்னா ஹால் புக் பண்ணணும், பாத்திரம் கழுவணும், யாருக்கு முடியும்? அதோட விட்டிருப்போம். அப்பதான் உன் மெயில் வந்துச்சு, ரெண்டு குடும்பத்துக்கு மேல கூடக்கூடாதுன்னு. அன்னிக்கு சாயங்காலமே சான் ரமோன்ல இருக்குற அத்தனை தமிழனும் எங்க வீட்டு ஹால்ல. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரு கூட வந்துட்டாரு, அவருக்கு என்ன கோபமோ. எல்லாக் கையும் மேல போச்சு."

மாரிசாமி பாதி முறுக்கைப் பொட்டலத்திலேயே திரும்பப் போட்டார். "எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணேன். தனபாக்கியம் எடுத்தாங்க. 'இல்லைன்னு சொல்லு'ன்னு நீ பின்னாடி இருந்து சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

மாரிசாமி எழுந்து போய், சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்த பெரிய தம்பட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

"தாஜோட மைக்க நிறுத்துனியே," என்றார் இனாயத்துல்லா. குரலில் இப்போது நக்கல் இல்லை. "அவ அன்னிக்குக் கார்ல வர்றப்ப ஒரு வார்த்தை பேசல. மொதல்ல வந்து சேர்ந்து, உன் வீட்டுக்காரம்மா ஊர்லேர்ந்து வர்ற வரைக்கும் உனக்கும் சேர்த்து டப்பால சோறு கட்டுனவடா அவ."

"நீ போயிடுவியோன்னு பயம்டா," என்றார் மாரிசாமி. சொன்ன பிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு சின்ன வாக்கியத்துக்கா நாலு ஆணை போட்டோம் என்று தோன்றியது.

"பயந்தா கையப் புடிக்கணும். யாராச்சும் கதவ அடைப்பாங்களா?"

அப்போது கதவு திறந்து ஓவியா எட்டிப் பார்த்தாள். அப்பாவைத் தேடிவரச் சொல்லி அம்மா அனுப்பியிருந்தாள். நிலைமை புரிந்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு நேராகத் தீபக்கிடம் போனாள்.

"ஹி இஸ் த பிரசிடென்ட். ஹி இஸ் மை டாட்."

"அப்பாவுக்காகப் பொண்ணு சொல்ற சாட்சி செல்லாதும்மா. பிரசிடென்ட் ஆர்டர் வேணும்."

ஓவியா யோசித்தாள். பட்டிமன்றத்துக்காக ஒரு மாதம் இதே வேலையாக இருந்தவள். தலைவர் செயல்பட முடியாமல் போனால் அவருக்குப் பதில் யார் என்று கேட்டாள். துணைத்தலைவர் என்றான் தீபக். அவள் இனாயத்துல்லாவின் சட்டையைக் கை காட்டினாள். மஞ்சள் அட்டையில் 'துணைத்தலைவர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எந்தப் பொறுப்பிலும் மாற்றம் கிடையாது என்று மாரிசாமியே ஆணை போட்டிருந்ததால், அவரைப் பதவியிலிருந்து எடுக்கவும் யாருக்கும் வழியில்லாமல் போயிருந்தது.

தீபக் அட்டையைக் குனிந்து படித்தான். "சார், நீங்க மைக் கேட்டதுக்காகத்தான உள்ள இருக்கீங்க? பதவி போகலையே. அப்ப நீங்க எழுதிக் குடுங்க, செல்லும்."

இனாயத்துல்லா ஸ்வரம் எழுதும் தாள் ஒன்றைக் கிழித்து, மாரிசாமியை விடுதலை செய்யும்படி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"உன் பேரையும் சேர்த்து எழுதிக்க வேண்டியதுதானே?" என்றார் மாரிசாமி.

"என்னை உள்ள வச்சது தலைவரு. நானே என்னை விட்டுக்கிட்டா அது முறை இல்ல. நீ போ. தோணுச்சுன்னா எழுதி அனுப்பு." சாவியையும் எடுத்து அவர் கையில் வைத்தார். "பிள்ளைங்க பசியில இருக்கும். பொங்கல இறக்கிடு."

மாரிசாமி வெளியே வந்தார். கையில் சாவி. உள்ளே இனாயத்துல்லா. ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும்: பொங்கலை இறக்கலாம், கூட்டம் சாப்பிட்டுக் கலைந்துவிடும், யாரும் யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லியிருக்கமாட்டார்கள். ஒரு மணி நேரம்தானே. அவருக்கு அந்த ஆசை நன்றாகவே வந்தது, அதை மறைப்பானேன். வாசல்வரைக்கும் நடந்தும் விட்டார்.

ஓவியா கூடவே வந்தாள். "டாட், வாட் டிட் ஹி டூ?"

"அவன் பேசப் போறான்."

"தட்ஸ் இட்?"

அவர் நின்றார். வேறு ஏதாவது இருக்குமென்று மனசுக்குள் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை.

"ஐ லாஸ்ட் மை டிபேட், பை த வே," என்றாள் ஓவியா. "எவ்ரிபடி லவ்ஸ் லிங்கன்."

மாரிசாமி திரும்பி நடந்தார். அதே தாளின் பின்பக்கத்தில் இனாயத்துல்லாவை விடுதலை செய்யும்படி எழுதி, 'தலைவர்' என்று போட்டுக் கையெழுத்திட்டு நீட்டினார். இரண்டு கையெழுத்தையும் பார்த்த தீபக்குக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அங்கிள்... நீங்க நிஜமாவே பிரசிடென்ட்டா? சாரி அங்கிள்."

"நீ எதுக்குப்பா சாரி சொல்ற? நான் சொன்னதத்தான செஞ்ச."

இனாயத்துல்லா மேடையேறியபோது மாரிசாமி வழக்கமான முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வரிசையில் தாஜ் நிஷா கையைக் கட்டிக்கொண்டு, மேடையைப் பார்க்காமல் மதனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதன் ஒலிபெருக்கிப் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு மாரிசாமியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இனாயத்துல்லா அதிகம் பேசவில்லை. இந்தச் சங்கம் ஓர் அடுப்படியில் பிறந்த கதையைச் சொன்னார். அன்றைக்குத் தனக்குச் சமைக்கத் தெரியும், மாரிசாமிக்குப் பேசத் தெரியும், அதை வைத்தே சங்கம் ஆரம்பித்துவிட்டோம் என்றார். கூட்டம் சிரித்தது. இனிமேல் சான் ரமோனில் தனியாக ஒரு சங்கம் இருக்கும், கோபத்தில் ஆரம்பித்ததுதான், ஆனால் கோபத்தில் நடத்தமாட்டோம் என்றார். மாரிசாமிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. மதனின் விரல் பொத்தான் மேல் இறுகியது.

கைக்குட்டையை எடுத்தால் மைக் செத்துவிடும். மாரிசாமி கையைத் தொடை மேல் வைத்து இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கண்ணீர் கன்னத்தில் இறங்கி, மீசையைத் தாண்டி, புதுப் பட்டுச் சட்டையில் சொட்டியது. துடைக்காமல் உட்கார்ந்திருந்தார். சங்கத் தலைவர் முன்வரிசையில் மூக்கொழுக அழுவதை மொத்தக் கூட்டமும் பார்த்தது. இனாயத்துல்லா முடிக்கும்வரை மைக் நன்றாகவே வேலை செய்தது. தாஜ் நிஷா கட்டியிருந்த கையைப் பிரித்துக்கொண்டாள்.

பொங்கல் அருமையாக இருந்தது. கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள்.

விழா முடிந்ததும், அண்டா ஃப்ரீமான்ட் சங்கத்தின் சொத்து, அதைத் தலைவரிடமே ஒப்படைத்துவிடுகிறோம் என்று சான் ரமோன்காரர்கள் முறையாக அறிவித்தார்கள். மாரிசாமியும் தீபக்கும் அதைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனார்கள். பின்சீட்டில் ஏறவில்லை. டிக்கியில் வைத்தால் மூடவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், கவிழ்த்துப் பார்த்தார்கள். தனபாக்கியம் தலையில் அடித்துக்கொண்டாள். இனாயத்துல்லா தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்.

கடைசியில் மாரிசாமி அண்டாவின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார். இனாயத்துல்லா வந்து மறு காதைப் பிடித்தார். இருவரும் அதைப் பழையபடி வேனில் ஏற்றினார்கள். போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு, வேன் கதவை மாரிசாமியே சாத்தினார்.

"அடுத்த பொங்கலுக்கு எங்களுக்கு வேணும்," என்றார்.

"எழுதிக் குடு," என்றார் இனாயத்துல்லா. "பார்த்துட்டு ஆர்டர் போடுறேன்."